சாந்தினிக்குப் போட்ட சீட்

கோ-கார்ட் ஷெட்டுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று முதலாளி போனில் கேட்டார். நான் வேலையை விட்டுவிட்டு முழங்கால் வலியோடு வீட்டில் இருப்பவன். கூட்டத்தில் நின்று பேச வராது, எழுதித் தருகிறேன் என்றேன். ஆகவே இதை நீங்கள் டீ நேரத்தில் படித்தால் போதும். கையில் கிரீஸ் இருந்தால் துடைத்துவிட்டுப் படியுங்கள்.

ரேஸ் கார்ட்டில் பெரிய சீட் பொருத்துவது எப்படி என்று நான் விளக்கப்போவதில்லை. பின்பக்கம் ஆக்சிலில் உரசக் கூடாது, வலது பக்கம் எஞ்சினில் இடிக்கக் கூடாது, அடிப்பாகம் சேசிஸ் குழாய்க்குக் கீழே தொங்கக் கூடாது. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் போனில் வீடியோ இருக்கிறது. வீடியோவில் இல்லாத ஒன்றைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

கார்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது. வளைவில் வண்டியைத் திருப்பும் வேலையில் பாதியைச் சீட்டில் இருக்கிறவரின் உடம்புதான் செய்கிறது. அதனால்தான் சீட் உடம்பைக் கவ்விப் பிடிக்க வேண்டும் என்கிறோம். பெரிய சீட் வேண்டும் என்று ஒருவர் கேட்டு வந்தால், அவர் உடம்பு மாறிவிட்டது என்று அர்த்தம். ஏன் மாறியது என்று நாம் கேட்பதில்லை, சிரிக்கிறோம். “வீட்ல மீன் குழம்பு ஜாஸ்தியோ?” என்போம். வருஷக்கணக்கில் நானும் அந்த ஜோக்கைச் சொன்னவன்தான். சாந்தினிக்குப் பிறகு சொன்னதில்லை.

சாந்தினி பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில் பிறந்தவள். சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, தீவுக்கு வந்து தோட்ட வேலையில் குடியேறிய குடும்பம் அவளுடையது. அப்பா எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். பனைகளுக்கு நடுவே அந்த டிராக்டரில்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டதாக அவள் சொல்வாள். ராஜுவைக் கல்யாணம் செய்துகொண்டு போர்ட் பிளேருக்கு வந்தாள். ராஜு கரண்ட் ஆபீசில் லைன்மேன். ஒல்லியான, அதிர்ந்து பேசாத ஆள். ஊருக்குள் மின்னி பேயில் வாடகை வீடு. குழந்தை இல்லை.

ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு சௌல்தாரியில் நம் டிராக்குக்கு வந்தாள். அப்போதுதான் முதலில் பார்த்தேன். பிள்ளைகள் கேக் தின்றுகொண்டிருந்தபோது, ஓரமாக நின்ற வாடகைக் கார்ட் ஒன்றைக் காட்டி, நான் ஒரு சுற்று போகலாமா என்று கேட்டாள். துப்பட்டாவைக் கழற்றி வைக்கச் சொல்லி, ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன். முதல் வளைவை அவள் நெருங்கிய வேகத்தைப் பார்த்ததும் வளைவோரம் அடுக்கியிருக்கும் டயர் சுவர் பக்கம் ஓடத் தயாரானேன். எல்லோரும் பிரேக்கில் கால் வைக்கும் இடத்தைத் தாண்டினாள், இன்னும் கொஞ்சம் தாண்டினாள், அதற்குப் பிறகுதான் கால் வைத்தாள். வண்டி வழுக்கவில்லை. அழகாகத் திரும்பியது.

இறங்கியதும் அவள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. “வேன்ல இப்படி ஓட்டினா புள்ளைங்க வாந்தி எடுக்கும் அண்ணே.” அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு ராஜுவையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

சென்னையிலிருந்து கப்பலில் வந்த பழைய ரேஸ் கார்ட் ஒன்று அவர்கள் கைக்கு வந்தது. நம் டிராக்கில் வருஷத்துக்கு ஒரு முறை நடக்குமே, ஒரே வண்டியை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டும் நீண்ட பந்தயம், அதில் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்தார்கள். இருவரும் ஒரே அளவு உடம்பு, ஆகவே ஒரே சீட் போதுமாக இருந்தது. ராஜு நிதானமாக ஓட்டுவான். அவன் விட்ட நேரத்தை எல்லாம் அவள் பிடித்துவிடுவாள். நான் சொல்லப்போகும் வருஷத்துக்கு முந்தைய வருஷம் அவர்கள் முன்னணியில் இருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் ராஜு வண்டியைச் சுழலவிட்டான், இரண்டாவது இடத்துக்குப் போனார்கள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். அவள் போய் அவன் ஹெல்மெட்டில் தட்டி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு எங்கள் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கி வந்தாள்.

அந்த அடுத்த வருஷம் மழை முடிந்ததும் ராஜு தனியாக வந்தான். வேலை நாள், மத்தியானம், டிராக்கில் ஆளில்லை. கையில் ஒரு துணிப்பை. டயர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தான்.

“அண்ணே, பெரிய சீட் ஒண்ணு போடணும். சாந்தினிக்கு. கொஞ்சம் உடம்பு போட்டுருச்சு.”

போட்டுவிடலாம், அவளை வரச் சொல், அளவெடுக்கிறேன் என்றேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

“அவளுக்குத் தெரிய வேணாம்ணே. பழைய சீட்டு கிராக் ஆயிருச்சு, கிடைச்சத மாட்டினோம்னு சொல்லிருங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்க மாட்டா.”

பெண்டாட்டி மனசு நோகக் கூடாது என்று நினைக்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நல்ல எண்ணம்தான். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. இங்கே வருவதற்கு முன் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வேலை செய்தவன் நான். என் ஃபோர்மேன், தெலுங்குக்காரர், இந்தியில் அடிக்கடி சொல்வார்: நீ முடுக்குகிற போல்ட்டின் மேல் உயிருள்ள ஒருத்தன் நிற்கப்போகிறான், அவனிடம் பொய் சொல்லாதே என்று. இன்றைக்குச் சீட் உடைந்தது என்று ஒரு பொய் சொன்னால், நாளைக்குப் பிரேக் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லும்போது அவள் எதை நம்பி வளைவுக்குள் போவாள்?

“சீட்ட மாத்தித் தர்றேன் ராஜு. பொய் மட்டும் சொல்ல மாட்டேன். அவளா கேட்டா உள்ளத சொல்லிருவேன்.”

அவள் கேட்க மாட்டாள் என்றான். பிறகு பையைத் திறந்து ஒரு சுடிதார் டாப்பை எடுத்து வொர்க் பெஞ்சில் வைத்தான். அவளுக்குப் புதிதாக வாங்கியதாம், இப்போது இதுதான் பொருந்துகிறதாம். அளவுக்கு வேறு என்ன கொண்டுவருவது என்று தெரியவில்லை என்றான்.

பெஞ்சைத் துணியால் துடைத்து, அதன்மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, அந்த டாப்பை வைத்து டேப்பால் அளந்தேன். எத்தனையோ சீட்டுக்கு அளவெடுத்திருக்கிறேன், துணியை வைத்து அளந்தது அந்த ஒரு தடவைதான். இடுப்பளவைப் பார்த்ததும் கை நின்றது. மழைக்கு முன்னால் நான் பார்த்த பெண்ணுக்கு இந்த அளவு எப்படி வரும்? ராஜுவை நிமிர்ந்து பார்த்தேன். அவன் வெளியே பாக்கு மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேட்கவில்லை. அளந்து முடித்ததும் ராஜு கிரீஸ் படாமல் டாப்பை மடித்து, பையில் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான்.

கடல் மோசமாக இருந்ததால் கப்பல் தள்ளிப்போய், சீட் வந்து சேரத் தாமதமாயிற்று. வந்ததை வைத்துப் பார்த்தால் வலது ஓரம் எஞ்சினை இடித்தது. இடது பக்கம் தள்ளினால் அவள் எடை ஒரு பக்கமாகச் சாயும். பின்னால் தள்ளினால் முன்சக்கரத்தில் பிடிப்பு போய்விடும். வேகத்துக்கு ஏற்ற இடம் ஒன்று, அவள் நிம்மதியாக மூச்சு விடுவதற்கு ஏற்ற இடம் இன்னொன்று. ஒரு நாள் முழுக்க இரண்டுக்கும் நடுவே அல்லாடினேன். கடைசியில் உடம்புக்கு ஏற்ற இடத்தில் சீட்டை வைத்து, மற்றதையெல்லாம் அதற்கேற்பத் தள்ளிப் பொருத்தினேன். இதை மட்டும் நீங்கள் மனதில் வையுங்கள்: முதலில் உடம்பு உட்காரட்டும், வேகத்தை வேறு வழியில் தேடலாம்.

ராஜுவுக்குத்தான் கஷ்டம். அந்தச் சீட்டில் அவன் டப்பாவில் போட்ட பென்சில் மாதிரி ஆடினான். அவன் முறை வரும்போது செருகிக்கொள்ள ஸ்பாஞ்சில் உறை ஒன்று வெட்டிக் கொடுத்தேன். மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் நேரம் போகும், பிடிப்பும் பழையபடி இருக்காது என்று சொன்னேன். போனால் போகட்டும் என்றான்.

ஞாயிறு காலை இருவரும் வந்தார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கியவளைப் பார்த்து எனக்கு ஒரு நொடி ஆள் அடையாளம் தெரியவில்லை. கன்னங்கள் உப்பி, கண்கள் சின்னதாகி இருந்தன. ஷூவின் லேஸைக் கட்டாமல் உள்ளே திணித்திருந்தாள். டிக்கெட் கொடுக்கும் பெங்காலிப் பையன், தீதி நல்லா சாப்பிட்டு குண்டாயிட்டாங்க என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். ராஜு சிரிக்கவில்லை.

கார்ட்டின் பக்கத்தில் போய் நின்று, புதிய சீட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இது எனக்காகப் போட்டதுதானே அண்ணே?”

“உனக்குத்தாம்மா.”

“அவரு சொன்னாரா?”

“ஆமா. ஒங்கிட்ட சொல்ல வேணாம்னான். நீ கேட்ட, சொல்லிட்டேன்.”

ராஜு தரையில் உட்கார்ந்து, இறுக்கமாகவே இருந்த ஒரு வீல் நட்டை மறுபடியும் இறுக்கிக்கொண்டிருந்தான். அவள் அவனை ஒரு தடவை பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். பிறகு சீட்டின் இரண்டு ஓரங்களையும் பிடித்து மெல்ல உள்ளே இறங்கினாள்.

நான் இதுவரை பொருத்தியதிலேயே நன்றாக அமைந்த சீட் அது. இடுப்பு, விலா, தோள்பட்டை எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. போன மாதம் நான் இல்லாத ஒரு நாளில் வந்து பழைய சீட்டில் உட்கார்ந்து பார்த்ததாகவும், மூச்சு முட்டியதாகவும், ராஜுவிடம் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டதாகவும் சொன்னாள். இப்போது முட்டவில்லை என்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கை இடதும் வலதுமாகத் திருப்பினாள். மனசுக்குள் டிராக்கை ஒரு சுற்று சுற்றி வருகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கடைசி வளைவு முடிந்ததும் கண்ணைத் திறந்து, டீ குடித்துவிட்டு எஞ்சினைப் போடலாம் என்றாள்.

எழ முடியவில்லை. கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே பிடித்துத் தூக்கிவிட்டேன். யாருக்கும் செய்வதுதான், நீங்களும் தினமும் செய்வீர்கள்.

டீ பாதி குடிப்பதற்குள் அந்தக் கையில் என் விரல்கள் பட்ட இடமெல்லாம் கருஞ்சிவப்பாகப் பொங்கி வந்திருந்தது. நாலு விரலும் கட்டை விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. அவள் சட்டென்று சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இது என்ன என்று கேட்டேன். ராஜு எழுந்து வெளியே போனான்.

அவள்தான் சொன்னாள். கிட்னி கோளாறு. கொஞ்ச காலமாகவே கால் வீங்கிக்கொண்டிருந்ததாம், வேன் ஓட்டுவதால் என்று நினைத்திருக்கிறாள். இப்போது ஸ்டீராய்டு மாத்திரை. உடம்பு ஊதியதும், தொட்டால் தோல் கன்றிப்போவதும் அதனால்தான். மெயின்லேண்ட் போய் வைத்தியம் பார்க்க வேண்டும், தாமதிக்காதே என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது, முடித்துவிட்டுப் போகிறேன் என்று இவள் தவணை வாங்கியிருக்கிறாள். அந்த விசேஷம் நம் பந்தயம்.

“வண்டி ஓட்டலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டியாம்மா?”

“கேட்டா வேணாம்பாங்க. எனக்கு வெளங்கும். அதான் கேக்கல.”

இப்போது நான் இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். பந்தயத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான். சுவரொட்டியில் அவள் படம் இருந்தது. பெண் ஒருத்தி ஓட்டுகிறாள் என்பதற்காகவே ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். முதலாளியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் நல்லவர், ஆனால் யோசித்தார். அவள் சின்னப் பிள்ளை இல்லையே, புருஷனும் சம்மதிக்கிறான், சீட்டும் பொருத்தமாக இருக்கிறது என்கிறாய், நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்றார். கடைசியில், வண்டியை வெளியே விடுவதும் விடாததும் உன் பொறுப்பு என்று சொல்லி போனை வைத்தார்.

எனக்குள்ளும் ஓர் ஆசை இருந்தது, மறைக்க மாட்டேன். அத்தனை பாடுபட்டுப் பொருத்திய சீட்டில் அவள் முதல் வளைவுக்குள் போவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் இருந்தது. இந்த வேலையில் வேறெதையும்விட அந்த ஆசைக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். நன்றாகச் செய்த வேலை, தன்னை ஓட்டிப் பார் என்று நம்மை நச்சரிக்கும்.

டாக்டர் சரி என்று சொல்லாமல் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வராது என்று அவளிடம் சொன்னேன். முதலில் கெஞ்சினாள். பிறகு கோபப்பட்டாள்.

“எனக்கு எது நடந்தாலும் நான் பாத்துக்கிறேன். எழுதி கையெழுத்துப் போட்டுத் தரவா?”

நான் எஞ்சின் மேல் தார்ப்பாயைப் போர்த்தினேன்.

மறுநாள் நானும் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா இளவயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். கார்ட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் விளையாடும் சின்ன வண்டியா என்று கேட்டார். சாந்தினி, ஆமாம் மேடம், சின்ன வண்டிதான் என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார்.

நான் உள்ளதைச் சொன்னேன். ஸ்பிரிங் கிடையாது, ஒவ்வொரு மேடும் நேராக எலும்பில் இறங்கும், வளைவில் விலா எலும்பு சீட்டின் ஓரத்தில் அழுந்தும், நல்ல உடம்புக்காரர்களே பந்தயம் முடிந்தால் விலாவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள் என்றேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இந்த மாத்திரை எலும்பையும் மெலியச் செய்யும் என்றார். ஓட்டவே கூடாது, பயணத்தை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று ராஜுவைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் ராஜு ஆட்டோ தேடப் போனான். அவள் மரத்தடியில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“நீங்க கொஞ்சம் கொறச்சுச் சொல்லியிருக்கலாம் அண்ணே.”

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

விமானத்தில் இடம் கிடைத்த நாள், பந்தயத்துக்கு அடுத்த நாளாக அமைந்தது. அதனால் பந்தயத்தன்று வந்தாள். ராஜு பெயரை வாபஸ் வாங்கியிருந்தான். வேறு ஆளோடு சேர்ந்து ஓட்டு என்று இரண்டு மூன்று பேர் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவன் மறுத்துவிட்டான். அவள் மாஸ்க் போட்டுக்கொண்டு, முதல் வளைவுக்கு எதிரே வேலியோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். ராஜு அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

வண்டிகள் வந்து நிற்கும் பிட்டில் எனக்கு ஓயாத வேலை. இருந்தும் கண் அங்கேயே போயிற்று. அவள் கை தட்டவில்லை, யாரோடும் பேசவில்லை. ஒவ்வொரு வண்டியும் வளைவை நெருங்கும்போது, அவளுடைய இடது கால் மட்டும் தரையை அழுத்தியது. கார்ட்டில் அதுதான் பிரேக் கால். ஓட்டுகிறவர்கள் பிரேக் பிடித்து, வண்டிகள் முனகி வேகம் குறைந்த பிறகும் அவள் கால் இறங்காது. இன்னும் கொஞ்சம் தாண்டி, அதற்குப் பிறகுதான் அழுத்தும். பந்தயம் முடிகிறவரை அந்தக் கால் ஓயவில்லை. கோப்பை கொடுப்பதற்கு முன்பே அவர்கள் போய்விட்டார்கள்.

சென்னையில் அவள் பல மாதம் இருந்தாள். ராஜு லீவு போட்டுக் கூடவே இருந்தான், நடுவில் வந்து வேலை பார்த்தான், மறுபடியும் போனான். டயாலிசிஸ் நடக்கிறது என்றான், கொஞ்சம் தேறியிருக்கிறாள் என்றான். அவளிடம் பேசட்டுமா என்று கேட்டால், தூங்குகிறாள் என்பான். எப்போது கேட்டாலும் தூங்கிக்கொண்டே இருந்தாள். எனக்குப் புரிந்தது, அப்புறம் நானாகக் கேட்பதை விட்டுவிட்டேன். பிறகு ஒரு காலையில் அவனே கூப்பிட்டான். சாதாரணக் காய்ச்சல் மாதிரி வந்து, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டதாம். அங்கேயே தகனம் செய்தார்கள். அஸ்தியைக் கப்பலில் ஹட் பேக்கு எடுத்துப் போய், அவள் அப்பாவும் ராஜுவுமாக அந்தக் கரையில் கரைத்தார்கள்.

சரியான முடிவு எடுத்துவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நான் எடுத்தது சரியான முடிவு. இன்றைக்கு அதே பெண் வந்து நின்றாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன். ஓட்டியிருந்தால் முதல் பத்துச் சுற்றுக்குள் அவள் விலா எலும்பு முறிந்திருக்கும், அதுவும் நான் பொருத்திய சீட்டில். தெரிந்துதான் தடுத்தேன். இருந்தும் ஒரு மனுஷி கடைசியாக ஆசைப்பட்டதற்குக் குறுக்கே நின்றவன் நான்தான். இரண்டும் உண்மை. ஒன்று இன்னொன்றை அழிப்பதில்லை. இந்த வேலையில் நீங்களும் ஒரு நாள் யாரையாவது வேண்டாம் என்று நிறுத்துவீர்கள். அவர்கள் நன்றி சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். பேசாமலே போய்விடுவார்கள். அதையும் தாங்கிக்கொண்டு மறுநாள் காலை ஷெட்டைத் திறக்க வேண்டும்.

ராஜு டிராக் பக்கமே வரவில்லை. பஜாரில் பார்த்தால் தலையை ஆட்டுவான், மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவான். அவர்கள் கார்ட் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. விற்கலாமா என்று முதலாளி கேட்டபோது, அவன் வந்து சொல்லட்டும் என்றேன்.

ஒரு நாள் காலை, டிராக்கைத் திறப்பதற்கு முன்பே, வந்து நின்றான். இன்னும் ஒல்லியாகியிருந்தான். ஒரே ஒரு சுற்று போய்வருகிறேன் என்றான். தார்ப்பாயை எடுத்தேன், டயருக்குக் காற்றடித்தேன், பெட்ரோல் ஊற்றினேன். எஞ்சின் இரண்டு மூன்று தடவை இருமிவிட்டுப் பிடித்தது. ஸ்பாஞ்ச் உறையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளாமல் பெஞ்சைக் கண்ணால் காட்டினான். அங்கேயே வைத்துவிட்டேன். மெதுவாகப் போ என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பெரிய சீட்டில் உட்கார்ந்து போனான். சைக்கிள் வேகம்கூட இல்லை. ஒவ்வொரு வளைவிலும் அவன் உடம்பு சீட்டுக்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சரிந்தது. நேர்ப்பாதையில் நிமிர்ந்து உட்கார்வான், அடுத்த வளைவில் மறுபடி சரிவான். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு சுற்று முடிந்து வந்து எஞ்சினை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

“ஒரு தடவை அவள விட்டுருக்கலாம்ணே. இந்த மாதிரி. மெதுவா.”

அவனுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். ஆறுதலாக ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம், ஆனால் எனக்குத் தெரிந்ததைத்தான் அவனிடம் கேட்டேன்.

“அவ மெதுவா ஓட்டியிருப்பாளா ராஜு?”

அவன் முதல் வளைவைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. அது முழுதாக வருவதற்குள் உதடு கோணிக்கொண்டது.

“மாட்டா,” என்றான். “மாட்டாண்ணே.”

நான் போய் அவன் பக்கத்தில் டிராக்கிலேயே உட்கார்ந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே டூரிஸ்ட் வேன் ஒன்று வந்து நின்று ஹார்ன் அடித்தது. கேட்டைத் திறக்கட்டுமா என்று டிக்கெட் பையன் அங்கிருந்தே சைகையில் கேட்டான். வேண்டாம், வேனில் வந்தவர்கள் கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும் என்று கையைக் காட்டினேன்.